முப்பது மீட்டர் அமைதி

படகு என் பெயரில் வாங்கப்பட்டதற்குக் காரணம் என் மேல் பொங்கி வழிந்த பாசம் இல்லை. என் கணவன் சபரிநாதனின் ஜாதகத்தில் ஜலகண்டம் இருந்தது. நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் தண்ணீர் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்திலும் அவன் பெயர் இருக்கக் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். தண்ணீரில் போகலாமா என்று கேட்டதற்கு, சொந்தப் படகாக இல்லாதவரை தோஷமில்லை என்றாராம். மனைவி பெயரில் இருந்தால் அது சொந்தப் படகு இல்லையே. பாதி ஊர் வருமான வரிக்காரனுக்குச் செய்வதைச் சபரி எமனுக்குச் செய்தான்.

நான் பல் மருத்துவர். பெயர் சிந்துஜா. அடையாறில் இருபத்தோரு வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். தினமும் இருபது பேர் வாயைத் திறந்து, சீழும் சொத்தையும் பார்த்துவிட்டு, கை கழுவிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுகிறவள். எனக்கு எளிதில் அருவருப்பு வராது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே எனக்குக் குமட்டியது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஜெய்கணேஷ் எதிரே உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். முன்வரிசைப் பல் அத்தனையும் ஒட்டவைத்த வெள்ளைத் தகடு. படகைக் கரையைவிட்டு எடுக்குமுன் பாலிசி வேண்டும் என்பதால் சபரி அவனை வரச் சொல்லியிருந்தான்.

"மேடம், முன்னெல்லாம் மனுஷங்க போட் ஓட்டினாங்க. அப்ப சட்டம் சிம்பிள். கடல்ல ஒருத்தர் தத்தளிக்கிறத பாத்தா போய்த் தூக்கணும். பாக்கலன்னு சொல்லிட்டா யாரு நிரூபிக்க முடியும்? இப்ப போட்டே தானா ஓடுது. சுத்தி எட்டு கேமரா. ஒடம்புச் சூட்ட வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடும். பாத்தா பதிவாயிடும். பதிவாயிட்டா போயே ஆகணும். போகலன்னா கேஸ்" என்றான்.

"போகட்டும். அதுல என்ன கஷ்டம்?"

"போனா செலவு மேடம். வெள்ளை சீட்டெல்லாம் மீன் கவுச்சி ஆயிடும். மேல ஏத்தும்போது அந்த ஆளுக்குக் கை ஒடஞ்சா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு. ஒரு சீசனுக்கு இந்தப் பக்கம் எத்தனை ஃபைபர் போட் கவுறுது தெரியுமா? கம்பெனி தாங்குமா? அதனாலதான் திட்டத்தை மூணா பிரிச்சிருக்காங்க."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான். மூன்று அட்டைகள். ஒன்றின் பெயர் அமைதி, அடுத்தது நிதானம், மூன்றாவது விழிப்பு. அமைதி அட்டையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு படகு முனையில் தியானத்தில் இருந்தாள். எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இந்தப் பெயர்களை வைத்தானோ!

"திருட்டு, தீ, புயல், எல்லாம் மூணுலயும் ஒண்ணுதான் மேடம். வித்தியாசம் போட் எவ்ளோ தூரம் பாக்குங்கறதுலதான். விழிப்புன்னா ஆயிரத்து ஐநூறு மீட்டர். நிதானம் முந்நூறு. அமைதி முப்பது."

"முப்பது மீட்டருக்கு மேல பாறை இருந்தா?"

"ஐயோ, பாறை, மணல்திட்டு, வலை, மத்த போட்டு, அதெல்லாம் எந்தத் திட்டத்துலயும் ரெண்டு கிலோமீட்டருக்குத் தெளிவாத் தெரியும் மேடம்" என்று சிரித்தான். "மனுஷங்க மட்டும்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப அந்த முப்பது மீட்டர் மட்டும் எதுக்கு?"

"ஆள் மேல ஏத்திடக் கூடாதில்ல மேடம்? புரொப்பெல்லர் டேமேஜ் ஆயிடும்."

எங்கள் வீட்டு ஆள் யாராவது விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். குடும்பத்தாருக்குக் கையில் ஒரு பட்டை தருவார்களாம். அதைக் கட்டியவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் படகுக்குத் தெரிவார்களாம். ஆக, கடலில் இரண்டு சாதி. பட்டை உள்ளவன், பட்டை இல்லாதவன்.

சபரி இத்தனை நேரமும் மொபைலில் இருந்தான். தலையை நிமிர்த்தாமலே, "அமைதி போட்டுடு சிந்து. பெலிக்கன் கிளப்புல நாப்பது போட்டும் அமைதிதான். ஒரு போட் பாத்துத் தொலைச்சா, பக்கத்துல யாரு யாரு இருந்தாங்கன்னும் பதிவுல ஏறிடும். அதனால எல்லாரும் ஒரே திட்டம். எழுதாத ரூல்" என்றான்.

"சார் கரெக்டா சொன்னாரு. மேடம், நீங்கதான் ஓனர். ஸ்க்ரீனைப் பாத்து சம்மதம்னு சொல்லணும். பிடிக்கலன்னா பதினஞ்சு நாளுக்குள்ள மாத்திக்கலாம், ரத்தும் பண்ணிக்கலாம். ஃப்ரீ லுக் பீரியட்."

நான் திரையைப் பார்த்து, சம்மதம் என்றேன். கிளினிக்குக் கிளம்ப நேரமாகியிருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மதியம் இரண்டு வேர்ச்சிகிச்சைகளுக்கு நடுவே ஜெய்கணேஷுக்குப் போன் செய்து விழிப்புக்கு மாற்றச் சொன்னேன். சாரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். அவன் மறுக்கவில்லை; தவணை கூடினால் அவனுக்கு வலிக்குமா என்ன? நான் ஒன்றும் தர்மதேவதை இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடலில் விழுகிற யாரையும் நினைத்து நான் அதைச் செய்யவில்லை. அந்தத் தியானப் பெண்ணின் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் செய்தேன். செய்துவிட்டு இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டும் திரிந்தேன்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிளப்பிலிருந்து நான்கு படகுகள் காலை எட்டு மணிக்கே கிளம்பின. முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் கொஞ்ச தூரம் போய் பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது திட்டம். என் சிநேகிதி மேகலாவின் குடும்பப் படகு முன்னால் போனது, எங்களுடையது கடைசி. சபரி உயிர்காப்புச் சட்டை ஒன்றின் மேல் இன்னொன்று போட்டு, கழுத்தில் தாயத்துடன், படகின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தான். ஓரத்துக்கு வந்தால் ஜலகண்டம் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று பயம்.

பிரியாணியைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தேன். படகு பேசியது.

"ஆபத்தில் மூன்று நபர்கள். ஆயிரத்து இருநூறு மீட்டர். வடகிழக்கு. திரும்புகிறேன்."

படகு சாய்ந்து திரும்பியதில் ரைத்தா கிண்ணம் உருண்டது. தூரத்தில், கவிழ்ந்த படகொன்றின் வெள்ளை முதுகு தெரிந்தது. அதன் மேல் கறுப்பாகப் புள்ளிகள்.

"எந்த நபர்? இதுக்கு எப்படித் தெரியுது? சிந்து, நீ மாத்தினியா?" என்று சபரி கத்தினான். எழுந்துவந்து, படகை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை மடேர் மடேர் என்று அடித்தான். படகு நின்றது. அதன் பிறகு அவன் பேசியதை எல்லாம் எழுதினால் தாளும் நாறும். மேகலா வீட்டுப் படகு அந்த வழியாகத்தானே போனது, அவர்கள் நின்றார்களா என்றான். நாளைக்குக் கிளப்பில் எப்படி மூஞ்சியைக் காட்டுவது என்றான். இருபத்திரண்டு வருடமாக நான் அவனை மதித்ததே இல்லை என்றான். எங்கள் கல்யாணத்தில் என் அப்பா செய்த ஏதோ மரியாதைக் குறைவுவரை போனான். நானும் பதிலுக்குப் பதில் பேசினேன். இஞ்சின் அணைந்த படகில், பிரியாணி வாசனையில், நாங்கள் சண்டை போட்டோம். அவன் வாய் நான்கு நிமிடத்தைத் தின்றது.

"ஆபத்தில் இரண்டு நபர்கள்" என்றது படகு.

லிஃப்ட் மாடி எண்ணைச் சொல்லும் அதே குரல். "போ" என்றேன். படகு மறுபடி புறப்பட்டது.

இரண்டு பேரைத் தூக்கினோம். ஒருவர் எத்திராஜ், ஐம்பத்தைந்து வயது, சின்னாண்டிகுப்பம். இன்னொருவன் அவருடைய அண்ணன் மகன். மூன்றாவது ஆள் எத்திராஜின் மகன் பூவரசன், இருபத்தாறு வயது. படகு கவிழும்போது அவனுக்குத் தலையில் அடிபட்டிருந்தது. எத்திராஜ்தான் ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"கை மரத்துப்போச்சும்மா. இப்பத்தான். இப்பத்தாம்மா வுட்டுட்டேன்" என்று தண்ணீரைக் காட்டினார். "மூணு போட்டு போச்சும்மா. தோ, இம்மாந் தூரத்துல. சட்டையக் கழட்டித் துடுப்புல கட்டி ஆட்டுனோம். ஒரு பொம்பள, புள்ளைங்கோ எல்லாம் திரும்பி டாட்டா காட்டுச்சுங்கோ."

நாங்கள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். படகு ஆயிரத்து ஐநூறு மீட்டர் பார்க்கும். தண்ணீருக்குக் கீழே பார்க்காது. எத்திராஜ் நடுங்கிக்கொண்டிருந்தார். சபரி உள்ளே போய் ஒரு பெரிய டவல் எடுத்து வந்தான். அவருக்குப் போர்த்தத்தான் என்று நினைத்தேன். அவன் அதைச் சீட்டின் மேல் விரித்துவிட்டு, "இதுல உக்காரச் சொல்லு" என்றான்.

எத்திராஜ் என்னைப் பார்த்து, "உங்க போட்டு எங்கள பாத்துத் திரும்புச்சு, அப்பாலிக்கா நின்னுடுச்சு. இஞ்சின் எதுனா கோளாறாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணா" என்றேன்.

செய்தி தெரிந்து குப்பத்துப் படகுகள் வந்தன. முப்பதுக்குக் குறையாது. வலையைப் பாதியில் அறுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். கடலில் ஒருவனுக்கு ஆபத்து என்றால் மற்றவன் தொழிலை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது அவர்களுக்குள் பேசி முடிவு செய்யவேண்டிய விஷயமே இல்லை. மூன்று நாள் தேடினார்கள். பூவரசன் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை மேகலா போன் செய்தாள். அழுதாள். "அவங்க கைய ஆட்டினாங்க சிந்து, நாங்களும் ஆட்டினோம். குழந்தைங்க ஜாலியா ஆட்டுச்சுங்க. போட் ஒண்ணுமே சொல்லலியே! ஏதாவது இருந்தா அது சொல்லியிருக்கும்னுதானே யாரும் நினைப்பாங்க?" என்றாள். அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். கண்ணாடிகூடப் போடுவதில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, எங்கள் படகின் பதிவில் அவர்கள் படகும் ஏறியிருக்குமா என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன். கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

புதன்கிழமை காலை, கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு ஒரு பெண் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் உள்ளே வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள். கையில் ஒயர் கூடை.

"நானு அஞ்சலாட்சி. பூவரசனோட அம்மா" என்றாள். "இஞ்சின் நின்னுபோயும் வுடாம வந்து எங்கூட்டு ஆளைத் தூக்குனீங்கோன்னு அவரு சொன்னாரு. வெறுங்கையோட வரக்கூடாதுன்னு..."

கூடையில் ஒரு முழு வஞ்சிரம். வாழையிலையில் சுற்றி, ஐஸ் போட்டு.

"அக்கா, இதெல்லாம் எதுக்கு?"

"இருக்கட்டும்மா. ஒரு ஒதவி கேக்கத்தான் வந்தேன். பாடி கெடைக்கல. ஆபீசுல காணோம்னுதான் எழுதுவாங்களாம். செத்துட்டான்னு எழுத ஏழு வருசம் ஆவுமாம். யாருனா கண்ணால பாத்து எழுதிக் குடுத்தா, இல்ல போட்டுல படம் கிடம் இருந்தா, இப்பவே எழுதுவாங்களாம். எம் மருமவ பொட்ட அழிக்கறதா வச்சிக்கறதான்னு தெரியாம மூலைல குந்தினு கீறா. காரியம் பண்ணவும் கை வரல. பண்ணாம இருக்கவும் முடியல. உங்க போட்டு பாத்துச்சின்னு அவரு சொல்றாரு. அது எதுனா புடிச்சி வச்சிருக்குமாம்மா?"

பார்க்கிறேன் என்றேன். அவள் கூடையை மட்டும் காலி செய்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம் சபரி அந்த வஞ்சிரத்தின் வறுவலைச் சாப்பிட்டான். "ஃப்ரெஷ்னா இதுதான் ஃப்ரெஷ், எங்க வாங்கின?" என்று கேட்டு இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டான். எங்கே வாங்கினேன் என்பதைச் சொன்னேன். மென்றுகொண்டிருந்தவன் ஒரு நொடி நிறுத்தினான். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்தான். என் தட்டிலும் ஒரு துண்டு இருந்தது. நானும் சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவி வந்தபோது ஜெய்கணேஷ் வந்திருந்தான். சபரிதான் வரவழைத்திருக்கிறான்.

"மேடம், நல்ல செய்தி. இன்னும் டைம் இருக்கு. மாத்தின பாலிசிக்கும் பதினஞ்சு நாள் உண்டு. நாளைக்குள்ள விழிப்பை ரத்து பண்ணிட்டீங்கன்னா, அந்தப் பாலிசி எப்பவுமே இருந்ததில்லன்னு அர்த்தம். பாலிசி இல்லன்னா அதுல எடுத்த பதிவும் இருக்கக் கூடாது. நாங்களே அழிச்சிடுவோம். சட்டப்படி, சுத்தமா."

"ரெண்டு பேரை என் போட்டுல ஏத்தியிருக்கேன். அதையும் அழிச்சிடுவீங்களா?"

"அவங்களா நீந்தி வந்து ஏறினாங்கன்னு இருக்கட்டுமே மேடம். யாரு கேக்கப் போறா?"

"அந்தப் பையன் முங்கினது என் பதிவுல இருக்கு. அவன் செத்ததுக்கு வேற சாட்சி கிடையாது. மூணு போட் பக்கத்துல போனதும் இருக்கு. அவங்க மேல கேஸ் வரணும்."

ஜெய்கணேஷ் தன் வெள்ளைப் பற்களை மூடிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அவங்க மேல எப்படி மேடம் வரும்? அந்த மூணு போட்டும் பாக்கவே இல்லியே. முப்பது மீட்டர் திட்டம். சட்டப்படி அவங்களுக்கு அங்க யாருமே இல்ல. உங்க போட் மட்டும்தான் பாத்திருக்கு. பாத்துட்டு நாலு நிமிஷம் நின்னவங்க மேலதான் கேஸ்."

"நிறுத்தினது நான் இல்ல. இவன்தான் பட்டனை அடிச்சான்" என்று சபரியைக் காட்டினேன்.

ஜெய்கணேஷ் சங்கடமாக நெளிந்தான். பிறகு டேப்லெட்டில் எதையோ தட்டி, மேசையின் மேல் வைத்தான்.

"விழிப்புத் திட்டத்துல அந்தப் பட்டன் வேலை செய்யாது மேடம். ஆளைப் பாத்துட்டா போட் போயிட்டேதான் இருக்கும். ஓனர் குரலுக்கு மட்டும்தான் நிக்கும்."

பதிவு ஓடியது. படகின் குரல் வந்தது: "ஆபத்தில் மூன்று நபர்கள். ஆயிரத்து இருநூறு மீட்டர். வடகிழக்கு. திரும்புகிறேன்." ரைத்தா கிண்ணம் உருளும் சத்தம். சபரியின் கத்தல். பொத்தான் அடிபடும் சத்தம். இஞ்சின் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அதன்பின் ஒரு பெண் குரல், எரிச்சலாக, வீட்டில் குக்கரை அணைக்கச் சொல்வதுபோல: "இரு. ஒரு நிமிஷம் இரு."

"காத்திருக்கிறேன்" என்றது படகு. இஞ்சின் நின்றது.

மேலே இந்தச் சம்பவத்தை எழுதியபோது நான் இதை விட்டுவிட்டேன். சபரி பொத்தானை அடித்தான், படகு நின்றது என்று எழுதினேன். இரண்டுமே நடந்தவைதான். நடுவில் நான் சொன்ன நான்கு வார்த்தைகளை முழுங்கிவிட்டேன். எத்திராஜ் கேட்டபோதும் முழுங்கினேன், அஞ்சலாட்சி மீனோடு வந்தபோதும் முழுங்கினேன். மறந்துபோகவில்லை. திருட்டுத்தனமாகப் பாலிசி மாற்றியது அகப்பட்டுவிட்டதே, இவனிடம் முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. படகு ஓடிக்கொண்டிருந்தால் சண்டை போட முடியாது. அதனால் நிறுத்தினேன். அவன் கத்தலுக்கு நான் கொடுத்த பதில்கள் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் அப்போது எனக்கு மிக முக்கியமாகப் பட்டிருக்க வேண்டும். இப்போது கேட்டால், சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும் வருமே, அந்த நாற்றம்தான் வருகிறது.

"பாத்தியா? உனக்காகத்தான் சொல்றேன். ஒரு தடவை திரையைப் பாத்து சம்மதம்னு சொல்லிடு. முடிஞ்சது" என்றான் சபரி. குரலில் அக்கறை. அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்திருந்ததை நான் பார்த்தேன். ஜோசியருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பான். எந்தக் காகிதத்திலும் அவன் பெயர் இல்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று இருவரையும் அனுப்பினேன். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அழித்துவிட்டு, அஞ்சலாட்சிக்கு வேறு வகையில் ஏதாவது செய்யலாம், மருமகளுக்கு என் கிளினிக்கிலேயே வேலை போட்டுக் கொடுக்கலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. ஜெய்கணேஷின் கம்பெனி அட்டை அட்டையாகத் திட்டம் போடுகிற மாதிரி நானும் போட்டேன். என் திட்டத்துக்கும் ஒரு நல்ல பெயர் வைத்திருப்பேன். அது தோன்றிய பிறகுதான் என் மேல் எனக்குக் குமட்டல் வந்தது. கிளினிக்கில் நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டியில் குனிந்து, மதியம் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதிவை என் போனில் இறக்கிக்கொண்டேன். ஒரு பிரதியைக் கடலோரக் காவல் நிலையத்துக்கு அனுப்பினேன். நான் கண்ணால் பார்த்ததையும், வாயால் சொன்னதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை எடுத்துக்கொண்டு சின்னாண்டிகுப்பம் போனேன். வழியெல்லாம் ஜெய்கணேஷ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை. சபரி, வக்கீலிடம் பேசிவிட்டதாகவும் இனி என் பாடு என் பாடு என்றும் எழுதியிருந்தான்.

எத்திராஜ் வீட்டில் இருந்தார். கை இன்னும் வீங்கியிருந்தது. அஞ்சலாட்சி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே மருமகள், சின்ன வயசுக்காரி, கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. நானும் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். தாளைக் கொடுத்தேன். வரும்போது மன்னிப்புக் கேட்க வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டேன். போனை நடுவில் வைத்துப் பதிவைப் போட்டேன்.

முழுவதும் கேட்டார்கள். படகின் குரல், என் குரல், நான்கு நிமிடச் சண்டை, பிறகு மறுபடி படகின் குரல். ரைத்தா கொட்டியதற்கு நான் சபரியைத் திட்டுவதும் அதில் இருந்தது.

முடிந்ததும் எத்திராஜ் என்னைப் பார்த்தார்.

"இஞ்சின் கோளாறுன்னீங்களேம்மா."

"பொய் சொன்னேண்ணா."

அவர் எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார். நான் அஞ்சலாட்சி பக்கம் திரும்பினேன். அவள் காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்தேன். துப்பினால் துடைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல மூணு பேருன்னு சொல்லுதே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி போடும்மா."

போட்டேன். ஆபத்தில் மூன்று நபர்கள் என்றது படகு. அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி போட்டேன். அந்த வரியோடு நிறுத்திவிடத்தான் பார்த்தேன். விரல் ஒவ்வொரு தடவையும் பிந்திப்போனது. "இரு" என்று என் குரலும் கூடவே வந்தது. அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. மூன்று என்று வந்த இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள்.